மூன்று கட்டம் போட்ட தாள்

ஸெஸ்தஃபோனியில் உலைக்கூடத்துப் புகை
இரவிலும் செம்மண் நிறம்.
எரிவாயு பில்லைத் திருப்பிப் போட்டு
மூன்று கட்டம் வரைகிறேன்:
தெரியாதவர்கள்.
கொஞ்சம் தெரிந்தவர்கள்.
தெரிந்துவிட்டது என்று நினைப்பவர்கள்.

ஒன்றரை மணி நேரம். நாற்பத்தெட்டு பாய்,
அதில் மூன்று கிழிசல், டேப் ஒட்டியாயிற்று.
பதினேழு பேர்.
எப்படி ஜோடி சேர்த்தாலும்
ஓர் ஆள் மீந்து நிற்கும்.

முதல் கட்டத்தில் எழுதுகிறேன்:
விழுதல், இருபது நிமிடம்.
தாடை நெஞ்சோடு ஒட்டணும்,
தரை உன்னை அடிக்குமுன்
உள்ளங்கை தரையை அடிக்கணும்.

நூத்ஸாவுக்கு ஒன்பது வயது.
விழுவது அவளுக்கு மிட்டாய்,
போதும் என்றால் இன்னும் ஏழு தரம் விழுவாள்.
மெராபுக்கு ஐம்பத்தெட்டு. அதே வெள்ளைப் பட்டை.
மருத்துவர் நடக்கச் சொன்னாராம்,
நடந்து இங்கே வந்துவிட்டார்.
உலைமேடையில் இருபத்தாறு வருடம்
அவர் கற்றதெல்லாம் ஒன்றுதான்:
விழாதே.
இவர்கள் இருவரையும்
ஒரே கட்டத்தில் போட்டது யார்?
நான்தான். பட்டையின் நிறம் பார்த்து.

நடுக்கட்டம் ஷோரெனாவுடையது.
பிரசவத்துக்குப் பின் மூன்றாவது வாரம்.
பிடி அப்படியே இருக்கிறது,
முழங்கால்தான் கொஞ்சம் யோசிக்கிறது.
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை
மூலையில் கிடக்கும் போனைப் பார்க்கிறாள்.
அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்;
எந்தக் கட்டத்தில் என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் கோச்சா. பழுப்புப் பட்டை.
பத்தூமியில் போட்டி, இன்னும் ஒன்பது நாள்,
குறைக்க வேண்டியது இரண்டு கிலோ.
பேக்கரி வாசலில் கச்சாபுரி வாசனைக்கு
மூச்சைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கிறான்.
ஓசோத்தோகாரி, நூறு தரம், என்று எழுதினேன்.
யார்மீது?
அவன் எடைக்கு ஈடான ஒரே உடம்பு
மெராபுடையது.

புதன், ஆறரை மணி.
ஹீட்டர் எரியவில்லை. பாய் பனிக்கட்டி.
பிள்ளைகளைச் சூடேற்ற ஓடவிட்டதில்
என் முதல் பதினைந்து நிமிடம் ஓடிப்போயிற்று.
“எறியாதே, நுழைந்து நுழைந்து வெளியே வா”
என்று கோச்சாவை மெராபிடம் அனுப்பினேன்.

நுழைந்தான். மெராப் நின்றார்.
மறுபடி நுழைந்தான்.
இழுத்தான், இடித்தான், காலைப் பின்னால் கொண்டுபோனான்,
மெராப் தப்பிக்கக்கூட இல்லை,
சும்மா நின்றார்,
பஸ்ஸுக்கு நிற்பதுபோல.
பன்னிரண்டாம் தரம் கோச்சாவின் காது சிவந்தது.
எனக்கும் அப்போதுதான் உறைத்தது:
இத்தனை வருடமாக
இவனுக்காக எல்லாரும்
தாமே விழுந்துகொண்டிருந்தார்கள்.
விழ மறுக்கும் ஒருவரை இவன்
இன்றுதான் சந்திக்கிறான்.

“கையால் இல்லை” என்றேன்.
“அவர் எடை எந்தக் குதிகாலில், அதைக் கேள்.”
கேட்டான். கொஞ்ச நேரம்
இருவரும் நடனம் தெரியாத தம்பதிபோல
ஒட்டி நின்றார்கள். பிறகு
மெராபின் வலது குதிகால்
ஒரு நூலளவு கனத்தது.

எறியாதே என்று சொல்லியிருந்தேன்.
நிறுத்து என்று வாய் திறப்பதற்குள்
தொண்ணூற்று நான்கு கிலோ காற்றில்.
ஆனால் கோச்சா சட்டைக்கையை விடவில்லை,
கடைசிவரை மேலே இழுத்துப் பிடித்திருந்தான்.
தாடை நெஞ்சில்.
உள்ளங்கை, சற்றே தாமதமாக, பாயில்.
நூத்ஸா கைதட்டினாள்.
மெராப் கூரையின் கம்பிகளைப் பார்த்தபடி
கேட்டார்: “இவ்வளவுதானா?”

இரவு மறுபடி தாள்.
கோடுகளை அழிக்கவில்லை,
கோடில்லாமல் எனக்கு எழுத வராது.
ஆனால் கோச்சாவுக்கு நேரே மெராப்,
மெராபுக்கு நேரே கோச்சா,
இரண்டு அம்புக்குறி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு.
ஷோரெனாவின் போனுக்கு
என் மேஜைமேல் இடம்.
பதினேழு அப்படியே இருக்கிறது,
மீந்து நிற்கும் அந்த ஒருவரோடு.
கடைசியாக என்னை யார் எறிந்தது?
எண்ணிப் பார்த்தேன். மார்ச் மாதம்.

ஓரத்தில் எழுதினேன்:
கடைசிப் பத்து நிமிடம்
நூத்ஸா, என்னோடு.
விழுதல், நான்.

தாளைத் திருப்பினால் பில்.
கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.