பாக்கி

முட்டாரேயில் அந்த வருஷம் அமெரிக்க நோட்டு இருந்தது,
சில்லறை இல்லை.
நோட்டும் நோட்டாகவா இருந்தது?
கை மாறிக் கை மாறிப் பழந்துணி மாதிரி
நான்காய் மடிந்து, வேர்வை வாசத்தோடு.

இரண்டாம் வகுப்பு. நாற்பத்தாறு பிள்ளைகள்.
கரும்பலகையில் எழுதினேன்:
தக்காளி எழுபது சென்ட்.
கொடுத்தது ஒரு டாலர்.
பாக்கி எவ்வளவு?

முஃபாரோ எழுந்தான், சட்டைப் பொத்தானைத் திருகியபடி.
"ரெண்டு மிட்டாய், ஒரு தீப்பெட்டி, டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை.
ஆமாம் ஆமாம் என்று தலைகள் ஆடின.
பின்வரிசையில் ஒருவன் மட்டும்
அவன் தெருக் கடையில் தீப்பெட்டி தர மாட்டார்கள்,
நீலப் பேனாதான் என்று வழக்காடினான்.

முப்பது என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
சாக்பீஸ் ஒடிந்தது.
முப்பது சென்ட்டை இவர்களில் எவரும்
கண்ணால் கண்டதில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது எனக்கு.

அலமாரியிலிருந்து செல்லாத பழைய நோட்டை எடுத்தேன்.
முன்னால் பாறை, பின்னால் எருமை,
பதினான்கு பூஜ்ஜியம்.
விரல் வைத்து எண்ணினார்கள்.
ஒன்பதில் ஒருத்திக்கு வழி தப்பி
முதலிலிருந்து தொடங்கினாள்.
"இதுக்கு எத்தனை மிட்டாய்?" என்றான் முஃபாரோ.
கடைசியாக இதை நான் நீட்டிய நாளில்
வேன்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டார்.
அதைச் சொல்லவில்லை.
"நீ எண்ணு" என்றேன்.

செகாய் அதுவரை வாய் திறக்கவில்லை.
அவள் அம்மா சகுப்வா சந்தையில் தக்காளி விற்கிறவள்.
"பாக்கியே கொடுக்க வேணாம் டீச்சர்."
மேஜையில் கிடந்த சோடா மூடிகளை இழுத்து
ஏழு வைத்தாள்.
மேலே ஒன்று: "எண்பது."
இன்னொன்று: "தொண்ணூறு."
கடைசிக்கு மட்டும் நசுங்கிய மூடியாகப் பார்த்து வைத்தாள்,
வியாபாரக்காரி:
"ஒரு டாலர். எடுத்துட்டுப் போங்க."

கழித்தலுக்குப் பயிற்சிக் கல்லூரியில்
மூன்று வழி படித்திருக்கிறேன்.
கூட்டிக் கூட்டிக் கழிப்பது அதில் இல்லை.

அன்று சாயங்காலம் ரொட்டிக்கு மீதியாக
எனக்கும் மிட்டாய்தான்.
சண்டை போடாமல் வாங்கி வந்தேன்.
இரண்டு வாரத்தில் சாக்பீஸ் டப்பாவில் இருபத்தேழு.
எண்ணிப் பழக என்று முன்மேஜையில் வைத்தேன்.

திங்கட்கிழமை இடைவேளை முடிந்து வந்து பார்த்தால்
இருபத்துநான்கு.

யார் என்று கேட்கவில்லை.
27 − 24 என்று பலகையில் எழுதிவிட்டு
முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
முஃபாரோ கை தூக்கினான்.
ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது.
வாயைத் திறக்காமல்
மூன்று விரல் காட்டினான்.