உச்சி தட்டையானவை

படிவம் ஏழு, நிரல் நான்கு:
உச்சி தட்டையான நிலவுருக்கள். பெயர், வகை, உயரம்.
கீழே பொடி எழுத்தில் விதி:
உயரத்தைவிட உச்சி அகலமானால் மேசை.
உச்சியைவிட உயரம் கூடினால் தனிக்குன்று.
நடந்து முடியாதபடி விரிந்தால் பீடபூமி.
முப்பது மீற்றருக்குக் குறைந்ததை எழுத வேண்டாம்.

முப்பது மீற்றர்!
நெடுங்கேணியில் அதற்கு
தண்ணீர்த் தாங்கியின் மேல் ஒரு பனையை நட்டு
வட்டுக்குள் ஒரு காகத்தையும் இருத்த வேண்டும்.

நானும் தயாநிதியும் மூன்று நாள் திரிந்தோம்.
ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு அளவுநாடா,
அவன் மடியில் குறுக்காக மட்டக்கோல்.
கேட்ட இடமெல்லாம் கை நீட்டினார்கள்.
இல்லாததைக் கேட்டு வந்தவனுக்கு
இருப்பதைக் காட்டி அனுப்புவது
இந்தப் பக்கத்து மரியாதை.

முதலில் குளக்கட்டு.
அதன் முதுகில் உழவு இயந்திரம் போய்க்கொண்டிருந்தது.
"ஆள் கட்டினது. நிலவுரு இல்லை" என்றான் தயாநிதி.
எந்த ஆள், எப்போது என்று கேட்டேன்.
பதில் சொல்லாமல் நாடாவைச் சுற்றினான்.

பிறகு ஒரு புற்று.
மழையோ மாடோ தலையைத் தட்டிவிட்டிருந்தது.
உயரம் நாலடி, உச்சி ஒன்றரை.
விதிப்படி தனிக்குன்று.
மறியாடு ஒன்று அதன்மேல் ஏறி நின்று
எங்களை அளந்தது.

காட்டுக்குள் ஒரு மண்ணணை,
மரங்களைப் பொருட்படுத்தாமல் நேராக ஓடியது.
யார் போட்டது என்று நாங்கள் கேட்கவில்லை.
கூட வந்தவர் பீடி பற்றவைத்தார்.
பெயருக்கு ஒரு சிறு கோடு கீறினோம்.

மூன்றாம் நாள் கிரவல் கிடங்கு.
மேட்டை முழுதாக றோட்டு தின்றுவிட்டது.
நடுவில் மட்டும் செம்மண் தூண் ஒன்று,
தலையில் பழைய நிலமட்டம், கொஞ்சப் புல்,
கீழே வரத் தெரியாத ஒரு சூரைப்பற்றை.
இயந்திரத்திலிருந்து இறங்காமலே பரஞ்சோதி சொன்னார்:
"அது சாட்சி.
எவ்வளவு ஆழம் வெட்டினம் எண்டு
அதைப் பாத்துத்தான் காசு.
காசு வந்தாப்பிறகு அதையும் அள்ளுவம்."

பின்னேரம் இரத்தினேஸ்வரியின் காணி.
வீட்டுத்திட்ட வீடு முன்னால்.
பின்னால் பற்றைக்குள் ஒரு சதுரம்,
முழங்காலுக்குக் கீழே உயரம், நாலு மூலையும் சரி.
தயாநிதி "மேடு" என்று தொடங்க
பேனையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டா.
"மேடெண்டு போடாதேங்கோ. அது குசினி."
காலால் காட்டினா:
"இதில அடுப்பு. இது படி.
அங்கால அறை. அது தாண்டுபோச்சு."
என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம்.
அவவுக்கு எங்கள் மௌனம் தேவைப்படவில்லை.
"தட்டையாக் கிடக்கிறதும் நல்லம்தான்,
உளுந்து காயப்போடலாம்.
கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, மிதிக்கிறியள்."

நிரல் வெறுமையாகப் போனால் திரும்பி வரும்.
"இல்லை" என்றால் காரணம் கேட்பார்கள்.
இரவு, மின்சாரம் வந்த பிறகு எழுதினேன்:

பெயர்: சாட்சி.
வகை: தனிக்குன்று.
உயரம்: மூன்றரை மீற்றர், கொடுப்பனவு வரும்வரை.

பெயர்: குசினி.
வகை: விதிப்படி மேசை.
உச்சி: பதினொன்றுக்கு ஒன்பதடி.
உயரம்: ஒன்றரை அடி.
உளுந்து கிடந்தால் இன்னும் ஒரு விரல்.