வாசனை: இயல்பு

வெள்ளிதோறும் பத்து மணிக்கு
கிடங்கின் ஷட்டரைத் தூக்குகிறேன்.
பாதியில் சிக்கும், தோளைக் கொடுத்தால் ஏறும்.
உள்ளே அரூர் வட்டாரத்து அறுவடை
சாக்குக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

அலங்காரத்துக்குச் சொல்லவில்லை.
அறுத்த பின்னும் விதை மூச்சு விடும்,
சூட்டையும் ஈரத்தையும் வெளியே தள்ளும்.
தருமபுரியில் மூன்று நாள் பயிற்சி,
மதியம் தக்காளி சாதம்,
அங்கே சொன்னார்கள்.

பதிவேட்டில் ஆறு கட்டங்கள்.
அட்டி எண், வெப்பம், ஈரப்பதம், வண்டு, எலி.
ஆறாவது
வாசனை.

என் மூக்கு செத்துப் பதினான்கு மாதம்.
காய்ச்சல் இறங்கிப் போகும்போது
அதையும் கூட்டிக்கொண்டு போனது.
ஒப்பந்த வேலை, வருடத்துக்கொரு கையெழுத்து.
யாரிடமும் சொல்லவில்லை.
ஆறாம் கட்டத்தில் வாரம் தவறாமல்
'இயல்பு' என்று எழுதினேன்.

மற்ற ஐந்திலும் பொய் இல்லை.
சித்தேரி மலைச் சாமைக்குள் கைவிட்டால்
முழங்கைவரை ஓடைக் குளிர்.
கேழ்வரகைப் பற்றிக் கவலை கிடையாது,
அந்த மணிக்குள் குடும்பம் நடத்த
வண்டுக்கு இடம் போதாது.
கடலைக்காய் அப்படியில்லை.
எல்லோருக்கும் இனிக்கும் அது.

ஐப்பசி மூன்றாம் வெள்ளி, ஏழாம் அட்டி.
கையெட்டிய மூட்டைகளில் காய் எடுத்து
உடைத்துப் பருப்பை மீட்டரில் போட்டேன்.
ஏழு புள்ளி எட்டு.
நல்ல எண்.
வெப்பமானிக் கம்பி மட்டும்
போன வாரத்தைவிட மூன்று டிகிரி கூடச் சொன்னது.

சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஒரு முழம்.
ஒருக்களித்து நுழைந்தேன்.
ஒரு சாக்கின் தையலைப் பிரித்து
நாலு காயைக் காதோரம் குலுக்கினேன்.
காய்ந்த காய் வாயாடி,
ஓட்டுக்குள் பருப்பு கிலுகிலுக்கும்.
இவை வாயே திறக்கவில்லை.

"தீர்த்தகிரி அண்ணா, கொஞ்சம் மோந்து பாருங்க.
எனக்குச் சளி."

மோந்தார். தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார்.
"போன வாரமே அடிச்சுதே மேடம்.
நீங்க எழுதியிருப்பீங்கன்னு
சும்மா இருந்துட்டேன்."

அட்டியைப் பிரிக்க மூன்று பேர், இரண்டு மணி நேரம்.
கூரைத் தகட்டில் ஓர் ஆணி கழன்ற துளை,
சுண்டுவிரல்கூட நுழையாது.
அதற்கு நேர்கீழே பதினோரு மூட்டை.
ஓட்டை உடைத்தால்
பருப்பெல்லாம் மஞ்சளும் பச்சையுமாய்த் தூள்.
எட்டு மூட்டை மொரப்பூர் பச்சியம்மாளுடையது.
விலை ஏறட்டும் என்று வைத்திருந்தார்.

செய்தி எப்படியோ போய்
செக்கு வஜ்ஜிரவேல் பைக்கில் வந்து நின்றார்.
பாதி விலை தருகிறேன் என்றார்.
எண்ணெயில் என்ன தெரியப்போகிறது,
பிண்ணாக்கும் மாட்டுக்குத்தானே என்றார்.
மாட்டுக்கும் ஈரல் உண்டு என்றேன்.
அந்த ஒரு பதிலில்
இன்று கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.
கொஞ்ச நேரம்தான்.

பச்சியம்மாளுக்குப் போன் போட்டேன்.
"எத்தனை மூட்டை?" என்றார்.
சொன்னேன்.
"எட்டுமா?" என்றார்.
பிறகு அந்தப் பக்கம்
ஏதோ பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டுகிறேன்.
அறுபது இயல்பு.
ஒரே நீல மை,
கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

இன்றைய கட்டத்தில்
'எனக்குத் தெரிவதில்லை. மோந்தவர் தீர்த்தகிரி'
என்று எழுதினேன்.
கட்டம் போதவில்லை.
எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஓரத்தில் இறங்கின.
நாளை மேனேஜர் வருவார்.

கூரைமேல் தீர்த்தகிரி
துளைக்குத் தார் பூசிக்கொண்டிருக்கிறார்.
தகரம் அவர் எடைக்கு முனகுகிறது.
"தார் நாத்தம் கீழ வரைக்கும் வருதா மேடம்?"
என்று கத்துகிறார்.

"வருதா அண்ணா?" என்று
நானும் அவரையே கேட்டேன்.