இரண்டு சென்டிமீட்டர்

கரை விக்டோரியாவுடையது,
தண்ணீர் நியூ சவுத் வேல்ஸுடையது.
நிற்பது ஓரிடம், தூண்டில் விழுவது வேறு மாநிலம்.
அதனால் தண்ணீர்க்காரரிடம் சீட்டு வாங்கியிருந்தோம்,
ஆளுக்கொன்று, ஒரு வருசத்துக்கு.

ராபின்வேலில் ஏப்ரல் விடியல்.
பாதாம் ஆலையில் இராவேலை முடிந்து
நேரே வந்திருந்தோம், தலைமயிரில் தூசியோடு.
பாலத்தில் எப்போதாவது ஒரு லாரி இருமிக்கொண்டு போகும்.
பற்குணம் கொக்கியில் சீஸ் குத்தினான்.
"உந்த மீனுக்குச் சீஸ்தான் வேணுமாம்,
பிறந்த ஊர்க்குணம்" என்றான்.

முதலில் வந்தது நாற்பத்தொன்று.
வாய் மட்டும் பெரியவர் வாய்.
போய் வளர்ந்துபோட்டு வா என்று
தண்ணீரில் இறக்கினான்.
பிறகு இரண்டு மணிநேரம்
ஆறுதான் எங்களைப் பிடித்து வைத்திருந்தது.

கோல் வளைந்தபோது நான் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தேன்.
தேநீர் மணலில் போனது.
வலையில் ஏறியது
பாசிப் பச்சையில் கறுப்பு மை தெறித்த உடம்பு,
வெண்ணிற வயிறு.
அளக்கும் முன்பே பற்குணம்
வீட்டுக்குப் போன் அடித்தான்:
"ராணி, புளியைக் கரை."

ஐஸ்பெட்டி மூடியில் ஒட்டிய அளவுத்தாள்.
ஐம்பத்தைந்தில் ஒரு சிவப்புக் கோடு,
எழுபத்தைந்தில் இன்னொன்று,
நடுவில் இருப்பது மட்டும் சட்டிக்கு.
மூக்கு சுழியத்தில்.
வால் எழுபத்தேழில்.

இன்னொருதரம், மூக்கை அழுத்தி. எழுபத்தேழு.
வாலை மடக்கி. எழுபத்தாறரை.

தூண்டில் போடுகிறவன் இரண்டு கைகளையும் விரித்து
இவ்வளவு என்று காட்டுவான்.
அந்த இவ்வளவு வாரத்துக்கு வாரம் வளரும்.
எந்த ஊர்க் கரையிலும் அப்படித்தான்.
தன் மீனைக் குறைத்துச் சொல்லப் பாடுபடும் ஒருத்தனை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆர் பாக்கினம்?" என்றான்.
மரத்தில் வெள்ளைக் கிளிகள், அவ்வளவுதான்.
நான் நல்லவன்போல் பேசாமல் இருந்தேன்.
சொல்லப்போனால்
மடக்கிய வாலைப் பிடித்திருந்தது என் கை.

போன வருசம் இதே இடத்தில்
பரிசோதகி கெய்லீன் எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.
சின்னது இன்னும் முட்டை போடவில்லை,
பெரியதுதான் அள்ளிப் போடும்,
ஆகவே நடுவயதைச் சாப்பிடுங்கள் என்றாள்.
பற்குணத்துக்கு நாற்பத்தாறு, எனக்கு நாற்பத்திரண்டு.
அவள் போன பிறகுதான்
சிரிப்பதா என்று யோசித்தோம்.

அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தான்.
மெத்தென்று இருந்ததாம்.
சினையோ கொழுப்போ,
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
"சரி" என்றான்,
என்னிடம் அல்ல.

கைகளை நனைத்துக்கொண்டோம்,
காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும்.
முழங்கால் ஆழத்தில்
ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றடியில்,
தலை நீரோட்டத்துக்கு எதிரே.
விட்ட பிறகும் அது போகவில்லை.
செவுள் திறந்து மூடி, திறந்து மூடி,
எங்கள் நான்கு கால்களுக்கு இடையில் நின்றது.
குளிர் இடுப்புக்கு ஏறியது. நாங்களும் நின்றோம்.
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள்.
இது நழுவவில்லை.
மெல்லத் திரும்பி
வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்போல
கலங்கலுக்குள் போனது.

சூப்பர்மார்க்கெட்டில் டின்மீன் அடுக்குக்கு முன்னால்
போன் அடித்தது.
புளி கரைச்சாச்சு, தாளிச்சாச்சு, எங்க நிக்கிறியள்?
பற்குணம் போனைத் தோளில் இடுக்கினான்.
அவளுக்குத் தெரியாது என்பதையும் மறந்து
இரண்டு கைகளையும் விரித்தான்,
தள்ளுவண்டியோடு வந்த ஒருத்தி ஒதுங்கிப் போகும்வரை.

"எண்பத்தஞ்சு இருக்கும்" என்றான்.