நூற்று ஒன்பதாவது ஆள்

காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை.
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே வரும் ரகமத்துல்லா
மூன்று முப்பத்தாறில் பேனாவை நிறுத்துவார்.
யாருக்கும் வேண்டாத நேரம்.
"எனக்கே போடுங்க" என்பேன்.
ஆறு வருஷமாக அப்படித்தான்.

மேடையில் தனகோடியின் படம்,
மின்வாரிய அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கியது.
மாலைக்குக் கீழே அவர் மேண்டலின்,
இரண்டு தந்தி இல்லாமல்.
பகலில் கம்பம் ஏறி, இரவில் கல்யாண மண்டபங்களில்
எங்களைக் கட்டி மேய்த்தவர்.

சாயங்காலம் முதுநகரே வந்திருந்தது.
மருந்துக்கடை சபாபதி மௌத் ஆர்கன் வாசித்தார்,
மூச்சு வாங்கியதற்கும் கைதட்டினார்கள்.
ஒரு பையன் கீபோர்டில் ஒற்றை விரலால்
முழுப் பாட்டையும் கடந்தான்.
அவரைப்போல் ஒரு மனுஷன் உண்டா என்று
ஒவ்வொருவரும் மைக்கைப் பிடித்து அழுதார்கள்.

நான் எதுவும் சொன்னதில்லை.

நெல்லிக்குப்பத்தில் ஒரு வரவேற்பில்
சரணத்தின் நடுவே என் மைக்கை அணைத்தவர் அவர்.
வாய் அசைந்தது, சத்தமில்லை.
மாப்பிள்ளை வீட்டார் ஐஸ்கிரீம் தின்றபடி பார்த்தார்கள்.
வேனில் திரும்பும்போது சொன்னார்:
"அமலோற்பவம், உன் சுருதி நங்கூரம் போடாத படகும்மா,
நின்ன இடத்துல நிக்காது."
பணத்தை மட்டும் முழுசாகக் கொடுத்தார்.

இப்போது மூன்று முப்பத்தாறு.
நாற்காலிகளில் ஒன்பது பேர், தூங்காதவர்கள் நாலு.
துறைமுகத்துக்குப் போகிற பெண்கள்
இடுப்பில் அன்னக்கூடையோடு
வாசலில் நிற்கிறார்கள், சுக்குக் காப்பிக்காக.
காற்றில் சிப்காட் வாடை.
பல்லவி முடிந்து மூச்சை இழுக்கையில்

கரண்ட் போனது.

மைக் போனது, சுருதிப் பெட்டி போனது,
படத்தைச் சுற்றி ஓடிய சீரியல் செட்டும் போனது.
"தனகோடி வேலைடா இது"
இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
ரகமத்துல்லா ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறார்,
ஒரு தடவை, இன்னொரு தடவை,
பிறகு ஒரு கெட்ட வார்த்தை.

வாயை மூடத் தோன்றவில்லை எனக்கு.
சரணத்துக்குள் போனேன்.
பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.
அதே இடத்தில், அதே அரைக் கட்டை,
இறங்கியது குரல்.
எனக்கே கேட்டது.

அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தானே
ஆறு வருஷமாகத் தூக்கம் கெட்டு வந்தேன்.

இறங்கிய இடத்திலிருந்தே பாடினேன்.
ஒருத்தி காப்பி தம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள்.
ஜங்ஷனில் ஒரு சரக்கு வண்டி ஊதியது,
அது வேறொரு சுருதி.

வெளிச்சம் வந்தபோது
என் நேரம் தாண்டிவிட்டது.
கிரீஸ் கையோடு ரகமத்துல்லா கேட்டார்:
"கணக்குல எடுத்துக்கல, திரும்பப் பாடுறியா?"
வேண்டாம் பாய், எடுத்துக்குங்க.

இறங்குமுன் மைக்கை நானே அணைத்தேன்.
நூற்றுப் பத்தாவது ஆள், கண்ணைக் கசக்கிக்கொண்டு
மிருதங்கத்தோடு ஏறி வந்தவன், சொன்னான்:
"அக்கா, அதப் போட்டுட்டுப் போங்க."