நனையக் கூடாதது

மண்டபம் வடக்குத் துறையில்
நான் பற்றவைத்ததெல்லாம் நனைவதற்கென்றே பிறந்தவை.
நங்கூரம், சுக்கான் தண்டு,
தண்ணிக்குள் இறங்கும் நண்டுக்கூடு.
பல் டாக்டர் ஜெனுபா கேட்ட கூண்டு வேறு.
அதற்குள் இருப்பது
சாகும்வரை நனையக் கூடாதாம்.

எலியா என்றேன். இல்லை.
முயலா. அதுவும் இல்லை.
செல்போனில் காட்டினார்:
சாம்பலில் புரண்ட இலவம்பஞ்சு,
அதற்கு மீசை.
சின்சில்லா. குளிர்மலைப் பிராணி.
கனடா போன தோழி விட்டுவிட்டுப் போனது.
பெயர் கிஸ்மிஸ்.
ஆனால் கிஸ்மிஸ் கொடுக்கக் கூடாது, வயிறு ஊதிவிடும்.
காய்ந்த புல்தான் சோறு, மூன்று வேளையும்.

அவர் சொல்லச் சொல்ல
சாக்பீஸால் தகரத்தில் எழுதிக்கொண்டேன்.
உயரம் நாலரை அடி, தாவுவான்.
கம்பிக்குக் கம்பி அரை அங்குலம்,
கால் சிக்கினால் முருங்கைக் கொம்பாய் ஒடியும்.
தரை வலையாய் இருக்கக் கூடாது.
பிளாஸ்டிக் ஆகாது, பெயிண்ட் ஆகாது,
ஜி.ஐ. கம்பியும் ஆகாது, கடித்தால் துத்தநாகம் உள்ளே போகும்.
"எதுதாம்மா ஆகும்?"
"முந்நூத்தி நாலு எஸ்.எஸ்."
இந்தக் கரையில் உப்பு அதையும் தின்னும்.
சொல்லவில்லை.
பழுப்புப் புள்ளி விழுந்தால் கூப்பிடுங்கள் என்றேன்.

ஏறி உட்காரப் பலகையும் கொறிக்கக் கொம்பும் வேண்டுமே.
சீமைக்கருவேலம் சும்மா கிடைக்கும்; கையெடுத்துக் கும்பிட்டார்.
உச்சிப்புளியில் கொய்யாக் கொம்பு வெட்டி
பட்டறைக் கூரைமேல் ஒரு மாதம் காயப்போட்டேன்.

குளியல் மட்டும் என் கணக்கில் அடங்கவில்லை.
தூளில் புரள்வதுதான் அவனுக்குக் குளியல்.
இவ்வளவுதானே என்று
அரியமான் கரையில் ஒரு சாக்கு அள்ளி
மூன்று தரம் சலித்துக் கொண்டுபோனேன்.
விரலில் தேய்த்துப் பார்த்தார்.
"உப்பு. ஈரம் பிடிக்கும். தோலையும் கீறும்."
கண்ணுக்கெட்டிய தூரம் மணலே கிடக்கிற ஊரில்
அவனுக்கு ஒரு கை மணலில்லை.
கூரியரில் வந்தது எரிமலைத் தூள்,
அரைக்கிலோ, இரண்டு கிலோ சீலா விலையில்.

சித்திரையில் ஒரு ராத்திரி, தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில்.
பத்து மணிக்குக் கரண்டு போனது.
ஒரு மணிக்கு இன்வெர்ட்டரும் போனது.
ஒன்றே காலுக்கு டாக்டர் போன் செய்தார்:
"காது செவந்து போச்சு அண்ணே."

ஐஸ் பிளான்ட்டில் பூட்டு.
பஞ்சவர்ணத்தை எழுப்பினேன்.
நாட்டுப்படகுக் கணவாய் வைத்திருந்த பெட்டியில்
பாதி ஐஸை உடைத்துக் கொடுத்தாள்.
"எலிக்கா?"
"எலி இல்லக்கா."
"என்னவோ. விடிஞ்சா கணவாய்க்கு நீ பதில் சொல்லு."

தூக்குவாளியில் ஐஸ், கூண்டுக்கு வெளியே.
அடுப்பு மேடை அறுத்ததில் மிஞ்சிய கருங்கல்லை
இன்னொரு வாளிமேல் குளிரவைத்து, துடைத்து, உள்ளே தள்ளினோம்.
வாளி வேர்த்தது.
ஒரு சொட்டு அவன்மேல் விழக் கூடாது.
டாக்டர் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.
நான் காலண்டர் அட்டையால் விசிறினேன்.
கல்லில் வயிறு பரத்திக் கிடந்தான்,
அறை முழுக்கக் கணவாய் வாடை.
மூன்றே முக்காலுக்கு ஏசி இருமிக்கொண்டு எழுந்தது.

பஞ்சவர்ணத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
அதை டாக்டரிடம் கேட்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

பதினோராம் நாள் கூப்பிட்டார்.
கதவுக் கொண்டியில் பழுப்பு, மிளகளவு.
உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.
என்னவென்று பார்க்க வந்தவன்
கம்பியைப் பிடித்து நின்று வாயைத் திறந்தான்.
பல் நாலும் ஆரஞ்சு நிறம்.
"பல் டாக்டர் வீட்டுலயேவா?" என்றேன்.
சிரித்தார்.
அப்படி இருந்தால்தான் ஆரோக்கியமாம்,
வெளுத்தால்தான் வியாதியாம்.
"அதுவும் இரும்புதாண்ணே. பல்லுல இரும்பு."

கொண்டியைப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன்.
பிறகு தேய்க்க ஆரம்பித்தேன்,
தூள் உள்ளே விழாமல்
இடது கையை அணைகொடுத்து.