நாற்பத்தொரு கோடுகள்

மார்ச் மாதம்.
கல்லாவெசி ஏரியின் உறைந்த மேல்தரையில்
வெட்டி வைத்திருந்த சதுரத்துக்குள் இறங்கி
இருபது எண்ணிவிட்டு ஏறி வந்தாள் ரைலி.
இருபத்தாறு வருஷமாய்ச் செய்வதுதான்.
துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்டாள்:
"நாம எப்படி இங்கே வந்தோம்?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.
"கார்ல" என்றேன்.
கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு
அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில்
"நாம எப்படி இங்கே வந்தோம்?"

என் பெயர் தெரிந்தது.
தபால் நிலையத்தில் முப்பது வருஷம் பிரித்த
ஊர் எண்களை ஒன்றுவிடாமல் சொன்னாள்.
எழுபத்தொன்பதில் நான் வாங்கித் தந்து
அவள் ஒருமுறைகூடப் போடாத
பச்சை ஸ்வெட்டரையும்.
காலையில் குடித்த காப்பிதான்
நடக்காமல் போயிருந்தது.

கூப்பியோ ஆஸ்பத்திரியில் டாக்டர் பெசோனென்
(எங்கள் மகளைவிட இளையவள்)
காகிதத்தில் வரைந்து காட்டினாள்.
மூளையின் உள்மடிப்பில் கடற்குதிரை போல ஒன்று.
நடப்பதையெல்லாம் முதலில் வாங்கி வைப்பது அதுதானாம்.
குளிர்நீர் பட்டால் சிலருக்கு, காரணமே இல்லாமலும் சிலருக்கு,
சில மணி நேரம் வாங்க மறுத்துவிடும்.
பழையவை அதனதன் அறையில் பத்திரம்.
கடைசியாய் வந்த சில மாதப் பைகள்
இன்று கைக்கு எட்டாது.
"ராத்திரிக்குள்ள சரியாயிடும். கூடவே இருங்க."

ஏரிகளே ஊராய் இருக்கிற எங்களிடம்
கடற்குதிரைக்கு என்ன வேலை
என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அப்போதுதான் ரைலி கேட்டாள்:
"ஹல்லாவ யாரு வெளிய கூட்டிப் போனது?"

ஹல்லா அக்டோபரில் செத்துப்போனது.
சொன்னேன்.
அவள் அழுதது அக்டோபர் அழுகை.
மீந்ததல்ல, முழுசு.
மூக்கைத் துடைத்து, ஜன்னலைப் பார்த்து,
இரண்டு நிமிஷம் கழித்து
"ஹல்லாவ யாரு..."

சொன்னேன். அழுதாள்.
மூன்றாம் முறையும் சொன்னேன்.
உண்மையை எத்தனை தடவை சொல்ல வேண்டும்
என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.
நான்காம் முறை:
"எஸ்கோ கூட்டிப் போயிருக்கான்."
"அவனுக்குச் சங்கிலி பிடிக்கவே தெரியாதே"
என்று சிரித்தாள்.

கார் நிறுத்திய ரசீதின் பின்புறம்
தச்சுப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.
ஏன் என்று தெரியாது. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.
பத்தாவது கோட்டில் ஹல்லாவின் கழுத்தில் சிவப்புப் பட்டை வந்தது.
இருபதில், பனிமேல் ஒரு முயலின் தடம்.
முப்பத்திரண்டில் எஸ்கோ வழுக்கி விழுந்தான்;
சங்கிலி கைவிட்டுப் போயிற்று.
ஒவ்வொரு முறையும் அவள் முதல்முறையாய்ச் சிரித்தாள்.
அந்த ஒரு வரியை, சங்கிலி வரியை,
ஒரு எழுத்துகூட மாற்றாமல் சொன்னாள்.
மாறிக்கொண்டே இருந்தது நான்தான்.

நாற்பத்தொன்றுக்குப் பிறகு கேட்கவில்லை.
இரவு ஏழரை. ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி
"ஹல்லா இல்லல்ல?" என்றாள் மெதுவாக.
"இல்ல."
தலையை ஆட்டிவிட்டு ரொட்டியைத் தின்றாள்.

இரண்டு நாள் கழித்து எடுத்த படத்தில்
கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி.
அதுவும் போய்விடும் என்றாள் பெசோனென்.
அந்தப் பகல் மட்டும் திரும்பாது:
வைக்கவே இல்லாததை எங்கே தேடுவது?
பிறகு, என்னைப் பார்த்து என்று நினைக்கிறேன்:
எடுக்கும்போதெல்லாம் நினைவு இளகுமாம்,
திருப்பி வைக்கையில்
பழைய வடிவம் இருக்க வேண்டுமென்பதில்லையாம்.

எனக்கு இப்போது
ஹல்லாவைப் புதைத்த குழி சரியாக நினைவில்லை.
மழையா, இல்லையா.
சிவப்புப் பட்டையோடு அது ஏரியைக் கடந்து ஓடுவது
நன்றாகத் தெரிகிறது.
எஸ்கோவிடம் ஒருநாள்
"முழங்கால் எப்படி?" என்று கேட்டே விட்டேன்.
விசித்திரமாய்ப் பார்த்தான்.

போன வாரம் என் கோட்டுப் பையில்
ரைலி அந்த ரசீதை எடுத்தாள்.
அச்சடித்த தேதி, நேரம், தொகை எல்லாம் வெளுத்து
வெறும் வெள்ளை.
பென்சில் கோடுகள் மட்டும் அப்படியே.
"என்ன கணக்கு இது?"

"மீன்" என்றேன்.

விரல் வைத்து ஐந்தைந்தாய் எண்ணினாள்.
"நாற்பத்தொண்ணா?
நீயா?"